ஓசார்க் மலைநாட்டில் கூடாரம் அடிக்க இடம் தேடிய அனுபவம்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், வடமேற்கு மூலையிலுள்ள பென்டன்வில் நகருக்கு வேலை நிமித்தமாகக் குடிபெயர்ந்த முதல் ஆண்டில், அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் மாலையில், அலுவலகம் முடிந்த கையோடு மனைவியையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு பஃபலோ ஆற்றை நோக்கிக் காரில் புறப்பட்டேன். புதிதாக வாங்கிய கூடாரம் உறை பிரிக்கப்படாமலேயே பின்பெட்டியில் இருந்தது. முன்பதிவு எதுவும் செய்யவில்லை. கைப்பேசி வரைபடத்தில் கூடாரக் குறி போட்டிருந்த ஓரிடத்தை நம்பியே கிளம்பியிருந்தோம். பாங்கா என்னும் சிற்றூரை நெருங்குவதற்கு முன்பே சிக்னல் போய்விட்டது. மலைப்பாதையின் வளைவுகளில் இருட்டு இறங்க, முன்பே திரையில் பதிந்திருந்த நீலக் கோட்டைப் பின்பற்றி ஒரு மண்சாலையில் திரும்பினோம். அரை மைல் சென்றதும் இரும்புக் கதவு ஒன்று குறுக்கே நின்றது. இருபுறமும் இருந்த ஓக் மரங்களில், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில், ஒரு சாண் நீளத்திற்கு ஊதா நிறத்தில் செங்குத்தாகப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தது. காரின் வெளிச்சத்தில் அதைப் பார்த்தும் அதன் பொருள் எங்களுக்கு விளங்கவில்லை.

பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் வண்டி பின்னால் வந்து நின்றது. நிலத்திற்குச் சொந்தக்காரரான முதியவர் இறங்கி வந்து, பின்னிருக்கையில் குழந்தை உறங்குவதைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். இந்த மாநிலத்தில் மரத்திலோ கம்பத்திலோ அடித்த ஊதாப் பூச்சு, 'உள்ளே வரக்கூடாது' என்று பலகை வைத்ததற்குச் சமம் என்பதை அவர்தான் எங்களுக்குச் சொன்னார். அவருடைய மேய்ச்சல் நிலத்தின் மேல் யாரோ எப்போதோ வரைபடத்தில் கூடாரக் குறி போட்டுவிட்டதால், எங்களைப் போலப் பலர் அங்கே வந்து நின்றிருக்கிறார்கள். அக்டோபரின் வார இறுதியில் ஆற்றோர முகாம்கள் எல்லாம் நிறைந்திருக்கும், இந்த இருட்டில் குழந்தையோடு தேடி அலைய வேண்டாம் என்றும் அவர் கூறினார். நாங்கள் திரும்பினோம், வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளில், ஓசார்க் மலைநாடு எனப்படும் இந்த வட்டாரத்தில் கழிப்பறையும் வெந்நீர்க் குளியலும் உள்ள முகாம்கள் முதல், ஆற்றின் சரளைத் திட்டையும் காட்டுப் பாதையின் ஓரத்தையும் தவிர வேறெதுவும் இல்லாத இடங்கள் வரை பலவற்றிலும் தங்கிவிட்டோம். இடம் தேடும் முறையை நாங்கள் தவறுகளின் வழியாகவே கற்றோம். இங்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள் எங்களிடம் அடிக்கடி இதைப் பற்றிக் கேட்பதால், கற்றதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'எந்த இடம் அழகானது' என்பதன்று. 'இது யாருடைய நிலம்' என்பதே. நகரத்திலிருந்து வருபவர்களுக்குக் காடு என்றால் எல்லாம் ஒரே காடாகத் தெரியும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவுக்குள் மட்டும் நான்கு வெவ்வேறு அரசு அமைப்புகள் முகாம்களை நடத்துகின்றன. பீவர் ஏரியின் கரையில் இருப்பவை அமெரிக்க இராணுவப் பொறியாளர் படைக்கு உரியவை. டெவில்ஸ் டென், வித்ரோ ஸ்பிரிங்ஸ் போன்றவை மாநிலப் பூங்காக்கள். பஃபலோ ஆறும் அதன் இரு கரைகளும் தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் உள்ளன. 1972-இல் அமெரிக்காவின் முதல் 'தேசிய ஆறு' என்று அறிவிக்கப்பட்டு, அணை கட்டப்படாமல் காக்கப்பட்ட ஆறு அது. அதைச் சுற்றிலும் தெற்கே விரிந்து கிடக்கும் ஓசார்க் தேசிய வனம், 1908-இல் உருவாக்கப்பட்டு, வனச் சேவையின் கீழ் இருக்கிறது. இந்த நான்கிற்கும் விதிகள் வேறு, கட்டணம் வேறு, முன்பதிவு முறையும் வேறு. ஓரிடத்தில் அனுமதிக்கப்பட்டது அடுத்த இடத்தில் குற்றமாகலாம்.

இவற்றுக்கு நடுவே தனியார் நிலங்கள் திட்டுத் திட்டாக இருக்கின்றன என்பதுதான் புதியவர்களைத் தடுமாற வைப்பது. தேசிய வனத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழும் பண்ணைகள் உண்டு. சாலையோரத்தில் வனத்தின் பெயர்ப்பலகையைக் கடந்துவிட்டோம் என்பதற்காக, அதன்பின் வரும் வெட்டவெளி எல்லாம் பொது நிலம் ஆகிவிடாது. வனச் சேவையின் மண்டல அலுவலகங்களில் வாகனப் பயன்பாட்டு வரைபடம் என்ற ஒன்றை இலவசமாகத் தருகிறார்கள். எந்த மண்சாலையில் வண்டி ஓட்டலாம், எந்தெந்த மாதங்களில் ஓட்டலாம் என்பதை அது காட்டும். கறுப்பு வெள்ளையில் இருப்பதால் பார்ப்பதற்குக் கவர்ச்சியாக இராது. நில உரிமையை வண்ணங்களில் பிரித்துக் காட்டும் வரைபடச் செயலி ஒன்றையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்தே அந்த வட்டாரத்தைப் பதிவிறக்கிக்கொண்டால், சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கிலும் நாம் நிற்கும் மண் யாருடையது என்பது தெரியும். இவ்விரண்டும் கையில் இருந்திருந்தால், அந்த முதல் இரவில் நாங்கள் அந்த முதியவரின் கதவுக்கு முன்னால் போய் நின்றிருக்க மாட்டோம்.

முதல் படியான, வசதி நிறைந்த முகாம்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பீவர் ஏரிக்கரையில் மின்சார இணைப்பு, குளியலறை, குடிநீர்க் குழாய், படகுத்துறை எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அங்கே வீடுபோல் வசதி கொண்ட பெரிய மோட்டார் வண்டிகளே மிகுதி. கூடாரத்தில் தங்குபவருக்கு அவற்றின் ஜெனரேட்டர் ஓசையும் விளக்குகளும் இடைஞ்சலாக இருக்கும். டெவில்ஸ் டென் இதைவிட மிகவும் பொருத்தமானது. 1930களின் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட பூங்கா அது. அவர்கள் உள்ளூர்க் கல்லில் கட்டிய சிறு அணையும் குடில்களும் இன்றும் உறுதியாக நிற்கின்றன. காரை நிறுத்திவிட்டுச் சற்று நடந்து சென்று கூடாரம் அடிக்கும் தளங்கள் அங்கே தனியாக இருப்பதால், ஒரு கூப்பிடு தூரத்தில் கழிப்பறை இருக்கும்போதே காட்டின் அமைதியும் கிடைக்கும். முதன்முறை கூடாரத்தில் தங்கப் போகிறவர்கள் இத்தகைய இடத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மழையில் கூடாரம் ஒழுகினாலும், நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், சமாளிக்க ஏதுவான இடத்தில் இருக்கும்போதுதான் நம் கருவிகளையும் நம்மையும் அச்சமின்றிச் சோதித்துப் பார்க்க முடியும்.

முன்பதிவைப் பொறுத்தவரை, கூட்டாட்சி அரசின் முகாம்கள் பெரும்பாலும் ரிக்ரியேஷன் டாட் கவ் என்ற ஒரே இணையதளத்தில் கிடைக்கின்றன; பல முகாம்களில் ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே பதிவு செய்யலாம். ஏப்ரல், மே மாதங்களின் படகுப் பருவத்திற்கும் அக்டோபரின் இலை நிறம் மாறும் வாரங்களுக்கும் அவ்வளவு முன்கூட்டியே திட்டமிட்டாக வேண்டும். முந்துபவர்களுக்கே இடம் என்று விடப்படும் தளங்களும் உண்டு. அவற்றை வெள்ளி மாலை போய்ப் பிடிக்கவே முடியாது. வியாழன் பிற்பகலில் போய்ச் சேர்பவர்களுக்கு ஒருவேளை கிடைக்கும். ஒவ்வொரு தளத்தின் படத்தையும் அளவையும் பார்த்துப் பதிவு செய்வது அவசியம். கூடாரம் அடிப்பதற்கென மரச்சட்டம் கட்டிச் சரளை நிரப்பிய மேடையின் அளவு குறிப்பில் இருக்கும். எங்கள் கூடாரம் அந்த மேடையைவிட ஒன்றரை அடி அகலமாக இருந்ததால், ஒரு முறை அதன் ஒரு பக்கத்தைச் சட்டத்திற்கு வெளியே சரிவில் இறக்கிக் கட்டி, இரவு முழுவதும் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தபடி படுத்திருந்தோம்.

நம்மவர்கள் ஐந்தாறு குடும்பங்களாகச் சேர்ந்து போவதை விரும்புவோம். அவ்வாறு போகும்போது ஒரே தளத்தில் எல்லாரும் கூடி அமரலாம் என்று எண்ணிவிடக்கூடாது. ஒரு தளத்திற்குப் பெரும்பாலும் ஆறு பேர் என்ற வரம்பு உண்டு. குழுவினருக்கென்றே தனித் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் பதிவு செய்தால் நெருப்பு மூட்டுவதற்கான பெரிய தீ வளையமும் நீண்ட மேசைகளும் கிடைப்பதோடு, இரவு பத்து மணிக்குப் பின் அமைதி காக்க வேண்டும் என்ற விதியை மீறிப் பக்கத்துக் கூடாரத்தாரின் உறக்கத்தைக் கெடுக்கும் சங்கடமும் குறையும். இந்த விதியை நம் குழுக்கள் மதிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிற்றூர்களில் நம்மைப் போன்ற முகங்கள் குறைவு. ஒரு குழு நடந்துகொள்ளும் விதமே அடுத்து வருபவருக்கு முன்னறிமுகமாகிவிடுகிறது.

இரண்டாம் படி, பஃபலோ ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஸ்டீல் கிரீக், கைல்ஸ் லேண்டிங் போன்ற முகாம்கள். மேசை, தீ வளையம், நீர் ஊற்றிக் கழுவும் வசதியில்லாத ஆழ்குழிக் கழிப்பறை ஆகியவை இருக்கும். மின்சாரமோ குளியலறையோ இராது. ஸ்டீல் கிரீக்கில் புல்வெளியில் கூடாரத்தை விரித்துவிட்டு நிமிர்ந்தால், ஆற்றின் மறுகரையில் ரோர்க் பிளஃப் என்னும் பாறைச் சுவர் செங்குத்தாக எழுந்து நிற்கும். மாலை வெயில் அதன் சாம்பல் நிறப் பட்டைகளின் மேல் ஏற ஏற, கீழே தண்ணீர் முதலில் பச்சையாகவும் பிறகு கறுப்பாகவும் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் சமையலை மறந்து உட்கார்ந்திருந்ததுண்டு. பஃபலோ ஆற்றுப் பூங்கா 2019-இல், செயற்கை ஒளி குறைந்த சர்வதேச இருள் வான் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. எனவே இங்கு வெள்ளை விளக்குகளைத் தவிர்த்து, சிவப்பு ஒளி தரும் தலைவிளக்குகளைக் கொண்டுவருவது அண்டை அயலாருக்கும் நம் கண்ணுக்கும் நல்லது.

இங்கேதான் 'பிரிமிடிவ்' என்ற சொல் எங்களை ஏமாற்றியது. வசதி குறைந்த முகாம்களை இந்நாட்டில் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். ஆனால் அதன் பொருள் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஏரிக்கரை முகாமில் அது மின்சாரம் இல்லாத தளத்தைக் குறிக்கலாம். ஆற்றுப் பூங்காவில் கழிப்பறை இருந்தும் குடிநீர் இல்லாத முகாமை அப்படிச் சொல்லக்கூடும். வனத்திலோ, எதுவுமே இல்லாத வெறும் மண்ணைத்தான் அது குறிக்கும். ஆகையால் அந்தச் சொல்லை நம்பாமல், ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் மூன்று செய்திகளைத் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்துகொள்வதை வழக்கமாக்கிக்கொண்டோம்: குடிநீர் இந்த மாதத்தில் வருகிறதா, கழிப்பறை எத்தகையது, நம் வண்டி இறங்கி ஏறக்கூடிய சாலையா. குடிநீர் பற்றிய கேள்வியில் மாதத்தைச் சேர்த்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் பல முகாம்களில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு முகாமுக்குப் போய், குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, உலை வைக்கத் தண்ணீர் வாங்கப் பத்து மைல் மலையேறித் திரும்பினோம். அதன்பிறகு காரில் ஏழு காலன் கேன் ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் என்று பொதுவாகக் கூறுவார்கள். சோறு வடித்து, பாத்திரம் கழுவும் நம் சமையலுக்கு அது போதாது. சிறிய குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்கலோ சாம்பார் சாதமோ ஒரே பாத்திரமாகச் செய்துவிட்டால், தண்ணீரும் எரிவாயுவும் சேர்ந்தே மிச்சமாகும்.

சாலையைப் பற்றிய கேள்விக்கு கைல்ஸ் லேண்டிங் எங்களுக்குப் பாடமாக அமைந்தது. 74-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் அந்தச் சரளைச் சாலை செங்குத்தானது. மழையில் அரித்துப் பள்ளங்கள் விழுந்திருக்கும். எங்கள் செடான் காரின் அடிப்பகுதி பாறையில் உரசிய ஓசை இன்றும் என் காதில் இருக்கிறது. இறங்குவது ஒருவாறு முடிந்துவிடும். மறுநாள் மழை பெய்த மண்ணில் ஏறுவதுதான் கடினம். அப்படிப்பட்ட சாலை என்று தெரிந்தால், இப்போது நான் மேலேயே காரை நிறுத்திவிட்டு, முதல் கால் மைலைக் காலால் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

அடுத்தது, இந்த வட்டாரத்துக்கே உரிய சரளைத் திட்டுகள். பஃபலோ ஆற்றில் படகில் போகிறவர்கள், ஆற்றின் வளைவுகளில் கூழாங்கற்கள் குவிந்து உருவான திட்டுகளில் கூடாரம் அடித்துத் தங்குவது நெடுநாள் வழக்கம். அதற்கு அனுமதியும் உண்டு. சேறு கிடையாது, உண்ணிகள் குறைவு, காற்று தாராளமாக வரும், படகைக் கரையேற்றி அங்கேயே படுத்துவிடலாம். இத்தனை நன்மைகளுக்கு நடுவே ஓர் ஆபத்து இருக்கிறது. அது உயிரைப் பறிக்கக்கூடிய ஆபத்து என்பதால் இதைச் சற்று நிதானித்துச் சொல்கிறேன்.

ஓசார்க்கின் சரிவுகளில் மண் மெலிது, கீழே பாறை. பெய்த மழை நிற்க இடமின்றி ஓடைகளில் இறங்கி, ஆற்றின் மட்டத்தைச் சில மணி நேரத்தில் பல அடி உயர்த்திவிடும். இதே மாநிலத்தின் தென்மேற்கில், வாஷிடா தேசிய வனத்திலுள்ள ஆல்பர்ட் பைக் முகாமில், 2010 ஜூன் 11-ஆம் நாள் விடியற்காலையில், எல்லாரும் உறங்கிக்கொண்டிருந்தபோது லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் ஏறத்தாழ 20 அடி உயர்ந்து, 20 பேரைக் கொண்டுபோயிற்று. அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அது வழிதவறிய சாகசக்காரர்கள் தங்கிய இடமன்று. மேசையும் சாலையும் உள்ள, பல குடும்பங்கள் ஆண்டுதோறும் வந்த, முறையான முகாம். அமைக்கப்பட்ட முகாம் என்பதாலேயே பாதுகாப்பானது என்று எண்ணிவிடக்கூடாது என்பதை அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆற்றருகே இடம் தேடும்போது நான் முதலில் தரையைப் பார்ப்பதில்லை. தலைக்கு மேலே பார்க்கிறேன். கரையோரச் சைகமோர் மரங்களின் கிளைகளில் காய்ந்த புல்லும் சுள்ளிகளும் இலைக் குப்பையும் கூடுபோலச் சிக்கியிருந்தால், வெள்ளம் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது என்று பொருள். என் தலைக்கு மேல் நான்கடி உயரத்தில் அப்படி ஒரு குப்பைக் கூடு தொங்கியதை முதன்முறை பார்த்தபோது, சற்றுமுன் அத்தனை அழகாகத் தெரிந்த திட்டு வேறு மாதிரி தெரிந்தது. இரண்டாவதாக, இருட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட மேட்டுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். பாறைச் சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்ளும் திட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். மூன்றாவதாக, புறப்படுவதற்கு முன் பாங்காவிலுள்ள நீர்மட்ட அளவியின் எண்ணையும், நாங்கள் இருக்கப்போகும் இடத்திற்கு மட்டுமின்றி ஆற்றின் மேற்பகுதிக்கான மழை முன்னறிவிப்பையும் பார்க்கிறேன். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது என்பதால், வானிலை அறிவிப்புகளை மட்டுமே ஒலிபரப்பும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றையும் எடுத்துச் செல்கிறோம்.

நான்காவது வழக்கத்தை ஒரு படகுக்காரரிடம் கற்றோம். மாலையில் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைத்துவிட வேண்டும். ஒரு மே மாத இரவில் எங்கள் தலைக்கு மேல் விண்மீன்கள் தெளிவாக இருந்தன. ஒரு துளி மழையும் இல்லை. தொலைவில், மேற்கே, மின்னல் மட்டும் ஓசையின்றி மின்னிக்கொண்டிருந்தது. இரவு பதினொரு மணிக்கு எழுந்து விளக்கடித்துப் பார்த்தபோது குச்சி தண்ணீருக்குள் ஒரு முழம் தள்ளி நின்றது. அதைச் சுற்றி நுரையும் ஓக் இலைகளும் சுழன்றுகொண்டிருந்தன. ஆற்றின் ஒலி கூடவில்லை என்பதுதான் எங்களை வியக்க வைத்தது. கற்களின் மேல் சலசலத்த ஓசை, நீர் ஆழமானதும் அடங்கிப்போயிருந்தது. மகளை எழுப்பி, கூடாரத்தை மடிக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, மேட்டிலிருந்த மரங்களுக்கிடையே போய்விட்டோம். விடிந்தபோது நாங்கள் உலை வைத்த இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய வெள்ளம் என்று அதை யாரும் சொல்ல மாட்டார்கள். உறங்கிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த அளவே போதும்.

கடைசிப் படி, தேசிய வனத்துக்குள் எந்த முகாமும் இல்லாத இடத்தில் தங்குவது. இதற்குப் பொதுவாகக் கட்டணமோ முன்பதிவோ இல்லை. ஓரிடத்தில் அதிகபட்சம் 14 நாட்கள் என்பது வழக்கமான வரம்பு. இடத்தைத் தேடும் நாளும் தங்கும் நாளும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. பகலில் ஒரு முறை போய், மண்சாலையில் மெதுவாக ஓட்டி, முன்பே பிறர் தங்கிப் பழகிய, கற்களால் தீ வளையம் இட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு வருவோம். புதிய இடத்தில் செடிகளை மிதித்து அழிப்பதைவிடப் பழகிய இடத்தில் தங்குவதே காட்டுக்கு நல்லது. அங்கேயும் தலைக்கு மேலே பார்க்க வேண்டும்; பட்டுப்போன மரமோ, முறிந்து தொங்கும் கிளையோ கூடாரத்தின் மேல் விழக்கூடிய தூரத்தில் இருக்கலாகாது. ஓடையிலிருந்து 200 அடி, அதாவது ஏறத்தாழ எழுபது தப்படி, தள்ளியே தங்குகிறோம்.

தண்ணீரையும் கழிவையும் பற்றித் தயக்கமின்றிப் பேச வேண்டும். ஓசார்க்கின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. அதில் விரிசல்களும் குகைகளும் நிறைய. மேலே மண்ணில் விழும் எதுவும் வடிகட்டப்படாமலே அந்த விரிசல்களில் இறங்கி, வேறெங்கோ ஊற்றாக வெளிவரும். ஆகவே கண்ணாடிபோலத் தெளிந்த ஊற்று நீரையும் வடிகட்டியோ கொதிக்க வைத்தோதான் குடிக்க வேண்டும். கழிப்பறை இல்லாத இடத்தில் ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழத்திற்குக் குழி தோண்டி மூட வேண்டும் என்பதும், நீர்நிலையிலிருந்து 200 அடி விலகியிருக்க வேண்டும் என்பதும் பொது விதிகள். நாம் தண்ணீரால் கழுவிப் பழகியவர்கள். அதற்காக ஓடைக்கு அருகே போகாமல், ஒரு குப்பியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு அந்த 200 அடி தூரத்திற்குப் போய், அந்தக் குழியிலேயே கழுவ வேண்டும். நம் ஊர் வழக்கத்தைக் கைவிடாமலே இங்குள்ள ஆற்றைக் காக்க முடியும்.

உண்ணிகளைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இந்தக் காடுகளில் அவை ஏராளம். இங்குள்ள லோன் ஸ்டார் என்ற உண்ணி கடித்துச் சிலருக்கு மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்றவற்றுக்கு ஒவ்வாமையே வந்துவிடக்கூடும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்து முன்பே உலர்த்திய கால்சட்டையும் காலுறையும் அணிந்து, இரவு படுக்குமுன் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம், தலைமுடி என்று ஒருவருக்கொருவர் பார்த்துவிடுகிறோம். சிக்கர் என்னும் கண்ணுக்கு எட்டாத சிவப்புப் பூச்சியின் அரிப்பு ஒரு வாரம் இருக்கும். இவ்விரண்டுக்காகவே கோடையில் நாங்கள் காட்டுக்குள் தங்குவதில்லை.

இரவில் சருகுகளில் பெரிய விலங்கு நடப்பதுபோல் ஓசை கேட்டால், பெரும்பாலும் அது ஓடுபோன்ற கவசம் கொண்ட ஆர்மடில்லோவாக இருக்கும். முறம் அளவே உள்ள அந்தப் பிராணி எழுப்பும் சத்தத்திற்கு எல்லையே இல்லை. கரடிகளும் இங்கே உண்டு. எங்களுக்கு உண்மையில் இழப்பு ஏற்படுத்தியது ரக்கூன் மட்டுமே. ஐஸ் பெட்டியின் தாழை அதன் கைகள் எளிதாகத் திறந்துவிட்டன. அதுமுதல் உணவு, பற்பசை, சோப்பு உட்பட மணமுள்ள எல்லாமே இரவில் காருக்குள் பூட்டப்படுகின்றன.

நவம்பரில் போகிறவர்கள் மான் வேட்டைப் பருவம் நடக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். தேசிய வனத்தில் மட்டுமின்றிப் பஃபலோ ஆற்றுப் பூங்காவிலும் வேட்டைக்கு அனுமதி உண்டு. நாங்கள் முதன்முறை விடியலில் துப்பாக்கி ஓசை கேட்டு எழுந்தபோது, அரை மைலுக்கு அப்பால் தங்கியிருந்த ஒரு வேட்டைக்காரக் குடும்பம் எங்களைத் தேடி வந்து, மகளுக்கு வேட்டைக்காரர் கண்ணில் பளிச்சென்று படும் ஒரு செம்மஞ்சள் மேலாடையைப் போட்டுவிட்டு, பகலில் எந்தப் பக்கம் நடக்கலாம் என்பதையும் காட்டிச் சென்றார்கள். இப்போது மூவருக்கும் சொந்தமாக அப்படி ஒன்று இருக்கிறது. வறண்ட இலையுதிர் காலத்தில் கவுண்டி எனப்படும் மாவட்ட வாரியாகத் தீத்தடை அறிவிப்பார்கள். அதைக் கிளம்பும் நாளன்றே பார்த்துவிட வேண்டும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல், தங்கும் இடத்திற்கு அருகிலேயே வாங்க வேண்டும். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு 2014-இல் ஆர்கன்சாவில் கண்டறியப்பட்டது. அது விறகுக் கட்டைகளோடுதான் தொலைதூரம் பயணிக்கிறது.

விறகு வாங்க நிற்கும் சிறு கடைகள்தான் எல்லாவற்றையும்விட நம்பத்தகுந்த தகவல் இடங்கள் என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். வரைபடமும் செயலியும் சொல்லாததை அங்கே சொல்வார்கள்: எந்தச் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, எந்த ஓடை இன்று கடக்க முடியாதபடி ஓடுகிறது, எந்த முகாமில் தண்ணீர் வரவில்லை. 'இந்த வாரம் நீங்களாக இருந்தால் எங்கே தங்குவீர்கள்' என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு முகாமின் பெயரோ, இன்னும் நல்ல வேளையாக இருந்தால், இரண்டாவது மாட்டுக் கதவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பும் பாதை என்பது போன்ற ஒரு விவரமோ கிடைக்கும். சென்ற மாதம் அப்படிக் கேட்டபோது, கல்லாவில் இருந்த பெண்மணி சன்னல் வழியாக மேற்கு வானத்தைப் பார்த்துவிட்டு, 'இன்று ஆற்றுக்கு இறங்க வேண்டாம், மேட்டிலேயே இருங்கள்' என்றார். மகள் வரைபடத்தை மேசையில் விரித்து, அவர் காட்டிய மேட்டில் பென்சிலால் ஒரு சிறு வட்டம் போட்டுக்கொண்டாள்.